ஒரே வாக்கியம், இரண்டு மனங்கள்: ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ விளையாட்டு விமர்சனம்

பிணவறை ஒன்றில் கண்விழிக்கும் ஒருவனுக்குத் தன் பெயர் தெரியவில்லை. தான் எப்படி இறந்தோம் என்பதும் தெரியவில்லை. வெளியேறும் வழியைத் தேடி அலையும்போது ஒரு பெண்ணின் ஆவி அவனைத் தன் காதலன் என்று அடையாளம் கண்டு பேசத் தொடங்குகிறது. டியோனாரா என்ற அந்தப் பெண்ணுக்கு அவனிடமிருந்து ஒரு வாக்குறுதி வேண்டியிருக்கிறது. அப்போது விரியும் பதில்களின் பட்டியலில், உன்னைக் காப்பாற்ற ஒரு வழி தேடுவேன், இல்லையேல் உன்னிடமே வந்து சேர்வேன் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அடுத்த வரியிலும் ஓர் எழுத்து மாறாமல் அதே வாக்கியம் நிற்கிறது. இரண்டுக்கும் வேறுபாடு தொடக்கத்தில் உள்ள ஒற்றைச் சொல்லில்தான்: ஒன்றின் முன் ‘உண்மை’ என்றும், மற்றதன் முன் ‘பொய்’ என்றும் போட்டிருக்கிறது.

‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ விளையாட்டில் நான் முதன்முதலாக நீண்ட நேரம் தயங்கி நின்ற இடம் இதுதான். அதுவரை நான் ஆடியிருந்த விளையாட்டுகளில் எந்தப் பதில் எந்தக் கதவைத் திறக்கும் என்பதே கேள்வியாக இருந்தது. இங்கே இரண்டு பதில்களும் ஒரே கதவைத்தான் திறக்கின்றன. எதை அழுத்தினாலும் டியோனாரா காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு மறைகிறாள். அவள் காதில் விழுவது ஒரே சொற்கள்தான். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசினானா, இல்லையா என்பது அவனுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அவனுக்கும்கூட நான் முடிவு செய்த பிறகுதான் தெரியும்.

1999 டிசம்பரில் பிளாக் ஐல் ஸ்டுடியோஸ் உருவாக்கத்தில், இன்டர்பிளே வெளியிட்ட விளையாட்டு இது. முதன்மை வடிவமைப்பாளர் கிறிஸ் அவலோன். நான் மதிப்பிடுவது 2017 ஏப்ரலில் பீம்டாக் நிறுவனம் புதுப்பித்து வெளியிட்ட பதிப்பை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் விதிகளில் இரண்டாம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது என்பதால் வாளும் மந்திரமும் இதிலும் உண்டு. ஆனாலும் இதை விளையாடுவது பெரும்பாலும் வாசிப்பதுதான். ஏறத்தாழ 8 லட்சம் சொற்கள் இதற்குள் இருப்பதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அவ்வளவு சொற்களும் எதற்காகச் செலவழிக்கப்பட்டிருக்கின்றன என்பதைச் சொல்வதற்கு, கதையின் சில முடிச்சுகளை அவிழ்க்காமல் முடியாது. புதிதாகத் தொடங்க இருப்பவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொண்டு, விளையாடி முடித்தபின் மீதியைப் படிப்பது நல்லது.

நாயகனுக்குப் பெயர் இல்லை. விளையாட்டு அவனைப் பெயரற்றவன் என்றே குறிப்பிடுகிறது. அவனுக்குச் சாவும் இல்லை. வெட்டுப்பட்டு வீழ்ந்தாலும் மீண்டும் எழுகிறான். ஆனால் நினைவுகள் அழிந்துபோய் முற்றிலும் வேறொரு மனிதனாக அவன் எழுந்த காலங்கள் பல இருந்திருக்கின்றன; அப்படி எழுந்த ஒவ்வொருவனும் ஒவ்வொரு குணத்தோடு வாழ்ந்து, யாரையாவது காதலித்து, யாரையாவது ஏமாற்றி, கடன்களையும் பகைகளையும் விட்டுச் சென்றிருக்கிறான். ஆகவே விளையாடுபவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் வந்து சேர்கின்றன. இப்போதைய நாயகன் எதற்காகப் பேசுகிறான் என்பதை அவர் தீர்மானிக்க வேண்டும். முன்பு இதே உடலில் வாழ்ந்தவர்கள் எதற்காகப் பேசினார்கள் என்பதைத் துப்புத் துலக்கவும் வேண்டும். முதல் வேலையில் நாம் காட்டும் அலட்சியம் இரண்டாவது வேலையின்போது முகத்தில் அறைகிறது என்பதுதான் இந்த விளையாட்டின் அமைப்பில் உள்ள சூட்சுமம்.

டியோனாராவின் கதையே அதற்குச் சான்று. பின்னர் நகரத்தின் ஒரு மண்டபத்தில் உணர்கற்கள் சிலவற்றைக் காண்கிறோம்; ஒவ்வொரு கல்லிலும் யாரோ ஒருவருடைய அனுபவம் அப்படியே பதிந்திருக்கிறது, தொடுபவர் அதைத் தம் அனுபவமாகவே உணர்வார். அவற்றுள் ஒன்று டியோனாராவுடையது. காதலன் தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவானோ என்ற அவளுடைய ஏக்கமும், அவன் அவளுக்குச் சொல்லும் கனிவான சொற்களும் முதலில் வருகின்றன. பிறகு அந்தச் சொற்களைச் சொன்னவனின் மனத்துக்குள் நம் நாயகன் வழுக்கி விழுகிறான். அங்கே கனிவின் சுவடுகூட இல்லை. அவளை எப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற கணக்கும், இவ்வளவு எளிதில் நம்புகிறாளே என்ற இளக்காரமும்தான் இருக்கின்றன. செய்வதெல்லாம் காரியத்துக்காகவே செய்யும் அந்த முன்பிறவிக்காரனைப் பார்த்துக் கோபப்படுவது எளிது. பிணவறையில் ‘பொய்’ என்ற வரியை அழுத்திய என் விரல் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. முன்பின் தெரியாத பெண்ணுக்கு உண்மையான வாக்குறுதி எப்படித் தர முடியும், ஆறுதலுக்கு ஒரு பொய் சொன்னால் என்ன என்பது அப்போது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம். என் பொய்யில் இரக்கம் இருந்தது, அவனுடையதில் தந்திரம் இருந்தது என்று வாதாடலாம். ஆனால் கேட்டவளுக்கு இரண்டும் ஒரே ஒலிதான்.

நாயகனின் நோக்கத்தை இவ்வாறு வெளிப்படையாகக் கேட்கும் விளையாட்டுகள் அரிது. 2007இல் வந்த ‘மாஸ் எஃபெக்ட்’ பதில்களை ஒரு சக்கரத்தில் அடுக்கியது. மேலே இருப்பது பண்பான பதில், கீழே இருப்பது கறாரான பதில் என்று விரைவிலேயே கைக்குப் பழகிவிடுவதால், ஒரு கட்டத்தில் நாம் சொற்களைப் படிப்பதை விட்டுவிட்டுத் திசையை அழுத்தத் தொடங்கிவிடுகிறோம். 2011இன் ‘எல்.ஏ. நுவார்’ விளையாட்டில் ‘சந்தேகம்’ என்று போட்டிருந்த பொத்தானை, சாட்சியை மெதுவாகக் கிளறிப் பார்க்கலாம் என்று எண்ணி அழுத்தினால், துப்பறிவாளர் எதிரில் இருப்பவர் மீது சீறிப் பாய்ந்துவிடுவார். 2017இல் மறுவெளியீடு வந்தபோது அந்தப் பொத்தான்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. அதே 2011இல் வந்த ‘டிராகன் ஏஜ் 2’ சற்று நேர்மையாக நடந்துகொண்டது: ஒவ்வொரு பதிலின் தொனியையும் ஒரு சிறு படக்குறியால் காட்டியதோடு, நாம் அடிக்கடி தெரிவு செய்யும் தொனியையே நாயகனின் இயல்பாக எடுத்துக்கொண்டு, நாம் கேட்காத இடங்களிலும் அவனை அப்படியே பேச வைத்தது. எனினும் தொனி வேறு, நோக்கம் வேறு. கனிவாகப் பேசுபவன் கொலை செய்யத் திட்டமிட்டிருக்கலாம். அதைச் சொல்வதற்கு அந்தச் சக்கரத்தில் இடமில்லை.

‘டார்மென்ட்’ இதைவிடவும் துணிச்சலான ஒன்றைச் செய்கிறது. அதற்காகத்தான் இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்தேன். நாயகனோடு துணைக்கு வரும் டாக்கான் என்ற முதிய வாள்வீரனிடம் பல வளையங்களாகப் பிரியும் வட்டமான கல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வளையத்திலும் ஒரு கதை பொறிக்கப்பட்டிருக்கிறது. டாக்கானின் இனத்தை அடிமைத்தளையிலிருந்து மீட்ட செர்த்திமோன் என்ற மாவீரனின் கதைகள் அவை. நாயகன் ஒரு கதையைப் படித்துவிட்டு வந்தால், அதிலிருந்து என்ன அறிந்தாய் என்று டாக்கான் கேட்கிறான். பதில்கள் பட்டியலாக வருகின்றன. சில மேலோட்டமானவை, சில கெட்டிக்காரத்தனமாகத் தோன்றிக் குறிதவறுபவை, ஒன்றிரண்டு கதையின் உள்ளே போய்த் தொடுபவை. சரியாக உணர்ந்தால் அடுத்த வளையத்தைத் திறக்கக் கற்றுத்தருகிறான். இல்லையென்றால் மீண்டும் படித்துவிட்டு வரச் சொல்கிறான். எதிரியை வீழ்த்தவும் புதையலை எடுக்கவும் ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு திடீரென்று நின்று, ஒரு வீரன் ஏன் அப்படிச் செய்தான் என்று நம்மிடம் பாடம் கேட்கிறது.

அந்தக் கதைகளுள் மிக முக்கியமானது, போர் முடிந்தபின் நடப்பது. மக்களை விடுதலைக்கு வழிநடத்திய கித் என்ற தலைவி, பகைவர்களைப் பூண்டோடு அழிக்கும்வரை, அதற்குப் பிறகும்கூட, போர் தொடர வேண்டும் என்கிறாள். செர்த்திமோன் எழுந்து, போதும் என்கிறான். இரண்டு வானங்கள் இருக்க முடியாது என்று அவன் சொன்ன சொல்லால் ஓர் இனம் இரண்டாகப் பிளக்கிறது. டாக்கானின் மக்களுக்கு அது வேதவாக்கு. ஆனால் டாக்கானுக்குள் ஓர் ஐயம் புகுந்திருக்கிறது. செர்த்திமோன் நெடுங்காலம் பகைவர்களிடம் அடிமையாக இருந்தவன். அவர்களோ மனத்தை ஆளும் வல்லமை படைத்தவர்கள். அவர்கள் அழிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவன் போரை நிறுத்தியிருந்தால்? மக்கள் மீதான அன்பால் சொன்ன சொல் என்று இத்தனை தலைமுறைகள் நம்பிவந்தது, உண்மையில் எஜமானர்கள் மீதான பற்றால் சொல்லப்பட்டிருந்தால்? சொல் ஒன்றுதான், அதன் முன்னால் ‘உண்மை’ என்று போடுவதா, ‘பொய்’ என்று போடுவதா என்பது மட்டும் தெரியவில்லை. பிணவறையில் நமக்கு முன் வந்த அதே பட்டியல், இம்முறை ஓர் இனத்தின் வரலாற்று நாயகனைக் குறித்து, இன்னொருவனுடைய வாயிலிருந்து கேள்வியாக வருகிறது.

அந்த ஐயத்துக்கு டாக்கான் கொடுத்த விலை பெரிது. அவன் வாழ்ந்த உலகில் மனஉறுதிதான் மண்ணையே கெட்டியாக நிறுத்துகிறது. அவன் மனம் தளர்ந்தபோது அவன் காக்க வேண்டிய நகரம் கரைந்துபோனது. அவனுடைய வாளும் அவன் மனத்தைப் பொறுத்தே வடிவம் கொள்கிறது: குழம்பியிருக்கும்போது மங்கிப்போயும், தெளியும்போது கூர்மையாகவும். செத்துக்கொண்டிருந்த டாக்கானிடம் அந்த வட்டக் கல்லைக் கொண்டுவந்து கொடுத்து அவனைத் தேற்றியவன் யார் என்று தெரியவரும்போது கதை நம் மேலேயே கவிழ்கிறது. காரியவாதியான அதே முன்பிறவிக்காரன்தான். தேற்றியது கருணையால் அன்று. அந்த வாளும் அதை ஏந்துபவனும் தனக்குப் பயன்படுவார்கள் என்பதால். உயிருள்ளவரை உனக்கு ஊழியம் செய்வேன் என்று டாக்கான் வாக்களித்துவிட்டான். யாருடைய உயிர் என்பதில்தான் சிக்கல். வாக்குப் பெற்றவனுக்குச் சாவே கிடையாது.

இந்த நிலையில் டாக்கானுக்கு ஆறுதலாக நாம் சொல்லும் விளக்கத்தின் மதிப்பு என்ன? செர்த்திமோன் அன்பினால்தான் சொன்னான் என்று நான் அவனுக்கு எடுத்துச் சொன்னபோது, அவனுடைய தெளிவு எனக்கும் பயன்படும், அவன் வாள் கூராகும், அடுத்த சண்டையில் நான் பிழைப்பேன் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. விளையாட்டின் இயந்திரமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது: வளையங்களைக் கற்றுத் தேறினால் அனுபவப் புள்ளிகளும், புதிய மந்திரங்களும், டாக்கானின் திறன்களில் உயர்வும் கிடைக்கின்றன. காரியவாதி செய்ததும் இதே கணக்குத்தானே! வடிவமைப்பாளர்கள் தெரிந்தே வைத்த பொறியா, அக்கால விளையாட்டுகளின் வழக்கமான பரிசளிப்பு முறை தற்செயலாக இங்கே கச்சிதமாகப் பொருந்திவிட்டதா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எதுவாயினும், கணினித் திரையில் ஓர் எண் கூடுவதைக் கண்டு வெட்கப்பட்டது எனக்கு இந்த ஒரு விளையாட்டில்தான்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவதும் பெரியதும்: நோக்கத்தைக் கேட்கும் இந்தப் பெருந்தன்மை எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கிடைப்பதில்லை. தொடக்கத்தில் ஆறு பண்புகளும் தலா 9 புள்ளிகளில் நிற்கின்றன. அவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுக்க நம்மிடம் 21 புள்ளிகள் தரப்படுகின்றன. முதல்முறை நான் வழக்கமான பழக்கத்தில் வலிமைக்கும் உடலுறுதிக்கும் அள்ளிக் கொடுத்தேன். அதன் விளைவாக டாக்கானின் வளையங்கள் பாதியிலேயே எனக்கு மூடிக்கொண்டன. பல உரையாடல்கள் சட்டென்று முடிந்தன. அவற்றில் ஏதோ குறைகிறது என்பதைக்கூட நான் உணரவில்லை, ஏனெனில் ஞானமோ புத்திக்கூர்மையோ போதாததால் மறைக்கப்படும் வரிகள் மறைக்கப்பட்டிருக்கின்றன என்று இந்த விளையாட்டு சொல்வதே இல்லை. இரண்டாம் முறை ஞானத்தை 18 வரை ஏற்றி, மீதியைப் புத்திக்கும் வசீகரத்துக்கும் பிரித்துக் கொடுத்தபோதுதான், முதல்முறை நான் பார்த்தது ஓர் எலும்புக்கூடு மட்டுமே என்று புரிந்தது. உடல் பலமுள்ளவனுக்கு உள்நோக்கம் என்று ஒன்று இருக்காதா என்ன? முரடன் ஒருவன் தடுமாறித் தடுமாறிச் சொல்லும் உண்மைக்கும் அந்தப் பட்டியலில் ஓர் இடம் கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது, குணச்சார்பைக் கணக்கிடும் முறை. நாயகன் நல்லவனுமல்ல, கெட்டவனுமல்ல என்ற நடுநிலையில் தொடங்கி, நம் சொற்களாலும் செயல்களாலும் நான்கு திசைகளில் நகர்கிறான். தொடங்கும்போதே குணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறையைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பொய் என்று குறியிட்ட வரிகளைத் தொடர்ந்து எடுத்தால் ஒழுங்கிலிருந்து விலகியவன் என்று கணக்கு எழுதிவிடுகிறது. ஒருவரைக் காப்பாற்றச் சொன்ன பொய்யும், சுரண்டச் சொன்ன பொய்யும் அந்தப் பேரேட்டில் பெரும்பாலும் ஒரே பத்தியில் விழுகின்றன. பேச்சில் இவ்வளவு நுணுக்கமாக நோக்கத்தைப் பிரித்துவிட்டு, கணக்கில் அதைக் கூட்டிக் கழித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. குறியிடப்படாத வரிகளிலும் இதே சிக்கல் உண்டு: எல்லா இடங்களிலும் ‘உண்மை’, ‘பொய்’ என்ற இரட்டை வரிகள் கிடைப்பதில்லை. கிடைக்காத இடங்களில் நாம் சொல்வதை விளையாட்டு மனப்பூர்வமானதாகவே எடுத்துக்கொள்கிறது.

பொய்யைப் பற்றிப் பேசும்போது ஒரு சிறு வேடிக்கையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பெயரைக் கேட்பவர்களிடம் ‘அடான்’ என்று பொய்ப்பெயர் சொல்லும் வாய்ப்பு பல இடங்களில் வருகிறது. நம்பிக்கையே பொருளாக உருவெடுக்கும் உலகம் அது. பலரிடம் அதே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தால், ஒருநாள் மதுக்கடையில் அடான் என்ற மனிதன் உண்மையாகவே உட்கார்ந்திருப்பான். பேசினால் பதிலும் சொல்வான். குணக்கணக்கில் கழிக்கப்பட்ட பொய்களுக்கு இப்படியொரு பிள்ளை பிறந்ததை எந்த வழிகாட்டியும் இல்லாமல் தானாகக் கண்டுபிடிப்பவர் பாக்கியசாலி.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். சண்டைகள் சலிப்பூட்டுபவை, 1999லேயே அவை சுமாராகத்தான் இருந்தன, இப்போது பொறுமையைச் சோதிக்கின்றன. சில சுரங்கப் பகுதிகளில் எதிரிகளைக் கண்டதும் ஓடிவிடுவதே நேரத்துக்கு நல்லது. கதையின் இறுதிப் பகுதி அவசரமாகக் கட்டப்பட்டது போலத் தெரிகிறது; தொடக்கப் பகுதிகளில் தெருவுக்குத் தெரு நின்று பேசிய அடர்த்தி அங்கே இல்லை. துணைவர்களுள் மிதக்கும் மண்டை ஓடான மோர்ட்டே ஓயாமல் அடிக்கும் நகைச்சுவை எல்லோருக்கும் பிடிக்காது. ஆனால் தொடக்கத்தில் நாயகனின் முதுகில் பச்சை குத்தியிருப்பதை அவன் படித்துக்காட்டும்போது ஒரு வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டான் என்று பின்னால் தெரியவரும்போது, அந்த நகைச்சுவை எதை மூடிவைத்திருந்தது என்ற கேள்வி எழும். அதன் விடையை இங்கே உடைக்கப்போவதில்லை.

மொழி ஒரு தடை. விளையாட்டு தமிழில் இல்லை என்பது ஒருபுறமிருக்க, அதன் ஆங்கிலமும் பாடப்புத்தக ஆங்கிலமன்று. பழைய இங்கிலாந்துத் திருடர்களின் குழூஉக்குறியிலிருந்து எடுத்த சொற்களை நகரத்தார் சரளமாகப் புழங்குகிறார்கள். முதல் சில மணி நேரம் பாதி புரியாமலே போகும், பிறகு பழகிவிடும். புதுப்பித்த பதிப்பில் எழுத்தின் அளவைக் கூட்டிக்கொள்ள முடிவதும், கைப்பேசியிலும் பலகைக் கணினியிலும் ஆட முடிவதும் இவ்வளவு வாசிப்புள்ள ஒரு படைப்புக்குப் பேருதவி. சிறிய கைப்பேசித் திரையில் பதில்களின் பட்டியல் நெருக்கியடித்து நிற்பதால் விரல் தவறி வேறு வரியைத் தொட்டுவிடும் அபாயம் உண்டு. ‘உண்மை’யும் ‘பொய்’யும் அடுத்தடுத்து நிற்கும் விளையாட்டில் இது சின்ன விஷயமில்லை, எனக்கு ஒருமுறை நேர்ந்து, முன்சேமிப்புக்குத் திரும்பிப்போக வேண்டியதாயிற்று. பலகைக் கணினியே வசதி.

ராவெல் என்ற மூதாட்டி கேட்கும் கேள்வி இந்த விளையாட்டின் புகழ்பெற்ற பகுதி: ஒரு மனிதனின் இயல்பை மாற்றக்கூடியது எது? அதைப் புதிராக எண்ணிச் சரியான விடையைத் தேடுபவர்கள் ஏமாறுவார்கள், ஏனெனில் பட்டியலில் உள்ள எந்த விடையையும் அவள் ஏற்றுக்கொள்கிறாள். அவளுக்கு வேண்டியது அந்த விடை உன்னுடையதா என்பது மட்டுமே. முதல்முறை நான் அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு விடையை எடுத்தேன். இரண்டாம் முறை, டாக்கானின் வளையங்களையும் டியோனாராவின் கல்லையும் கடந்து வந்தபின், அதே பட்டியலின் முன் ஏறத்தாழ கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எடுத்தது முதல்முறை எடுத்த அதே வரிதான்.